சர்வீஸ் உள்ளேயே இருக்கு

மழைக்காலத்தில் முடிச்சூர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. கைபேசியைப் பார்ப்பார்கள். ஏரியில் எத்தனை அடி, எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது. 2015 வெள்ளத்தில் தூக்கத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள். அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் யாரும் முழுதாகத் தூங்குவதில்லை.

அவர்கள் பார்ப்பதில் ஒன்று 'முடிச்சூர் பக்கம்' என்ற வீடியோ பக்கம். அதை நடத்துவது ஷாயிஸ்தா. நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் மைதீன் பிச்சையின் மகள். தாம்பரத்தில் கல்லூரி இறுதியாண்டு. பக்கத்தில் அவள் பெயர் கிடையாது, முகமும் கிடையாது. குரல் மட்டும்.

"மூஞ்சி காட்டினா எவனும் ஏரியப் பத்திப் பேச மாட்டாண்ணா. மூஞ்சியப் பத்திதான் கமெண்ட் போடுவான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

போன வருட மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்று அவள் சொன்னாளோ அந்தத் தெருவில் வந்தது. வராது என்று சொன்ன இடத்தில் வரவில்லை. அதிலிருந்து அந்தக் குரல் சொன்னால் நம்புவார்கள். யார் என்று அந்த வீட்டுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மைதீன் பிச்சைக்கு வேலை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே. கங்கையம்மாளின் ஜெராக்ஸ் கடை வாசலில், ஷட்டர் ஓரமாக ஒரு மடக்கு மேசை. அதன் மேல் பசை, ஸ்டேப்ளர், மழைக்குப் பாலித்தீன் விரிப்பு. காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விடுவார். லைசென்ஸ், பெயர் மாற்றம், எஃப்.சி. எல்லாம் பார்ப்பார். கைபேசியில் விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்குப் போட்டுக் கொடுப்பார். டெஸ்டுக்கு வந்து நடுங்குகிற பெண்களைப் பக்கத்துக் காலி மனைக்கு அழைத்துப்போய் வண்டியில் எட்டு போடச் சொல்லித்தருவார். "ஹேண்டிலப் பாக்காதம்மா. போற எடத்தப் பாரு. வண்டி தானா வரும்."

அந்தத் தெருவில் புரோக்கர் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இடைத்தரகர்களை அணுகாதீர்கள் என்று ஆபீஸ் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் கன்சல்டண்ட். அவர்கள் வாங்குவதற்குப் பெயர் சர்வீஸ். மற்றவர்கள் மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். உள்ளே எது எவ்வளவு என்று கேட்டால், "வேல ஆவணுமா, கணக்கு வோணுமா?" என்பார்கள். மைதீன் பிச்சை மட்டும் பிரித்துச் சொல்வார்.

"இது கவர்மெண்ட்டுக்கு. ரசீது கீது, பாத்துக்கோ. இது எனக்கு, சர்வீஸ். இதுக்கு ரசீது கெடையாது. என் மூஞ்சிதான் ரசீது."

என் மனைவி இறந்த பிறகு அவளுடைய ஸ்கூட்டரை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். அவள் பெயர் இருந்த பக்கங்களை மடித்து, என் பெயர் மட்டும் தெரியும்படி நீட்டினார். வேலை முடிந்ததும் பீஸ் இவ்வளவு, சர்வீஸ் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லி வாங்கிக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த மாதங்களில் வேறு யாரும் என்னிடம் எதற்கும் பணம் வாங்கவில்லை.

மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவி ஜெய்னப் அக்கா முதலில் கேட்பது, "இன்னிக்கு சர்வீஸ் எப்டி?" நல்ல நாள் என்றால் மறுநாள் கறி. இல்லையென்றால் பருப்பு. ஷாயிஸ்தா பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

தீபாவளி கழிந்து பத்து நாள் மழை இல்லை. ஏரியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாததால் ஷாயிஸ்தா வேறு விஷயம் எடுத்தாள். போக்குவரத்துத் துறை எந்த வேலைக்கு என்ன கட்டணம் வாங்குகிறது என்ற பட்டியலை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அவள் வரி வரியாகத் தமிழில் படித்து ஒரு வீடியோ போட்டாள். பட்டியலில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆபீஸ் தன் வேலைக்காக எடுத்துக்கொள்வது, அரசாங்கத்துக்குப் போவது. கடைசியில் அவள் சொன்னாள்: "சர்வீஸ் தனியா இல்ல. சர்வீஸ் உள்ளேயே இருக்கு."

அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் ஜெராக்ஸ் எடுக்கக் கங்கையம்மாள் கடைக்குப் போனேன். தூறல் ஆரம்பித்திருந்தது. ஆட்டோ ஓட்டுகிற எட்மண்ட் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் நின்றிருந்தான். மைதீன் பிச்சை யாருடைய போட்டோவுக்கோ பசை தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், சர்வீஸ் உள்ளாறயே கீதாமே?"

"இன்னாதுடா உள்ளாற?"

"கேட்டுக்கோ." எட்மண்ட் கைபேசியை அவர் காதருகே பிடித்தான். ஷாயிஸ்தாவின் குரல் வந்தது. சர்வீஸ் தனியா இல்ல. சர்வீஸ் உள்ளேயே இருக்கு.

அவர் விரலில் இருந்த பசை போட்டோவின் முகத்தில் பட்டுவிட்டது. சட்டை நுனியால் துடைத்தார்.

"இது கவர்மெண்ட் எடுத்துக்கற சர்வீஸு எட்மண்டு. நான் வாங்கறது வேற சர்வீஸு."

"அப்போ ரெண்டு சர்வீஸா?"

"ரெண்டுதான்."

"அத சொல்லு. டபுள் சர்வீஸ்!" எட்மண்ட் தெருவைப் பார்த்துத் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். "டேய், பாய் டபுள் சர்வீஸ்டா!"

ஆட்டோ ஸ்டாண்டில் சிரித்தார்கள். எட்மண்டும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போகும்போது, "கோச்சுக்காத பாய், டீ சொல்லட்டா?" என்று கேட்டான். ஆனால் அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

கங்கையம்மாள் என் தாளை மிஷினில் வைத்தபடி சொன்னாள். "மொத்தமா அள்றானே, அவன ஒருத்தனும் கேக்கல. உன்னப் புட்ச்சுக்கினாங்க பாத்தியா?"

"அவங்க சர்வீஸ்ன்னே வாயத் தொறந்து சொல்லலியே கங்கம்மா. நான்தான சொன்னேன்."

என்னைப் பார்த்தார். நான் தாளை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருமே அந்தக் குரலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. விண்ணப்பம் போட வருகிறவர்கள் குறைவு, வந்தவர்களும் மேசையைத் தாண்டிப் போனார்கள். பழைய ஆட்கள் ரசீதோடு திரும்பி வந்தார்கள். சிலர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். சிலர் கேட்காமல், எதிரே நின்று கைபேசியில் அந்த வீடியோவை ஓடவிட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் அது வேறு, இது வேறு என்றார். ஒரே பெயர் எப்படி வேறாகும் என்று கேட்டார்கள். அவர் சாயங்காலம் சட்டை கசங்காமல் வீடு திரும்பினார். ஜெய்னப் அக்கா சர்வீஸ் எப்படி என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

நான் தனியானதிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு எனக்குக் கீழ்வீட்டில்தான். அந்த வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டார்கள். மீன் ஆணம், சோறு, ஒரு அப்பளம். சங்கரா மீன் கொஞ்சம்தான் வாங்கியிருந்தார்கள். தலைத்துண்டை எனக்கு வைத்துவிட்டு ஜெய்னப் அக்கா வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"அந்தக் கருமத்த அழிச்சுத் தொலையேன்டி" என்றார் மகளிடம்.

"அழிச்சா மட்டும் போதாதும்மா. ஆளாளுக்கு எடுத்து வாட்ஸப்ல சுத்த வுட்டுட்டாங்க. நான் இன்னொண்ணு போடணும். கன்சல்டண்ட் வாங்கற சர்வீஸ் வேற, அது இந்தப் பட்டியல்ல இல்லன்னு."

மைதீன் பிச்சை முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "போடு. அப்றம் கேப்பான், புரோக்கருக்கு நீ இன்னாத்துக்கு வக்காலத்துன்னு. நீ யாருன்னு தேடுவான். தேடிக்கினு வந்தா இந்த வூட்டு வாசல்ல நிப்பான்."

"நிக்கட்டுமே அத்தா."

"நின்னா? புரோக்கர் பொண்ணு சொல்ற ஏரி நியூஸ எவன் நம்புவான்?"

வெளியே மழை தகர ஷீட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது காத்தழுத்தம் வருதுன்றாங்க. நீ சொன்னாதான் ஜனம் சாமானத் தூக்கி மேல வெக்கும். வெளாட்டு இல்ல அது. இந்தா தம்பியே மாடிலதான் கீறாரு, அவரே நீ சொன்னாதான் வண்டிய ஏத்தி வெக்கறாரு" என்றார் என்னைக் காட்டி. நான் ஆமாம் என்றேன்.

"நீ தப்பா இன்னா சொன்ன? கவர்மெண்ட் போட்டத படிச்ச. வுடு. நாலு நாளு கூவுவானுங்க, அப்றம் வேற எவனாச்சும் கெடைப்பான்."

"நீங்க வாங்கறதுக்கும் அதானே பேரு அத்தா" என்றாள் ஷாயிஸ்தா. சோற்றைப் பிசைந்த கை அப்படியே இருந்தது. "பொறந்ததுலேருந்து கேக்கறேன். அந்தக் காசுலதான் படிச்சேன். வாயில வர்றப்ப எனக்குக் காதுல வுழல."

"காலேஜ் இங்கிலீஷ் அப்டித்தான்" என்று சிரித்தார். "சாப்புடு."

"சிரிக்காதீங்க அத்தா."

"அழுவவா சொல்ற? மீனு ஆறுது, சாப்புடு."

சாப்பிட்ட பிறகு அவள் மாடிப்படியில் வந்து என் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீங்க சொல்லுங்கண்ணா. போடட்டா, வேணாமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை. எது கேட்டாலும் அந்த நாட்களில் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பதிலாக இருந்தது. அவள் இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர் நலச்சங்கக் கூட்டம். செயலாளர் ஸ்ரீநிவாசன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மழை நீர் பம்பு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை. நான்காவதாக மைதீன் பிச்சையை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

"பாய், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார் ஸ்ரீநிவாசன். "பர்சனலா ஒண்ணுமே இல்ல. இங்க முக்காவாசிப் பேர் உங்க மூலமாத்தான் லைசென்ஸ் எடுத்தோம். எங்க பொண்ணு ரோஹிணி மூணு வாட்டி ஃபெயில். நீங்க சொல்லிக் குடுத்துத்தான் எட்டு போட்டா. அதெல்லாம் மறக்கல."

"நல்லா ஓட்டுதா சார் பாப்பா?"

"ஓட்டறா, ஓட்டறா. என்னையே பின்னாடி உக்கார வெச்சு ஓட்டறா. அதான் பயமா இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரசீதை எடுத்தார். "ஆனா பாருங்க, இதுல சர்வீஸ்னு போட்டு வாங்கிருக்கா. நீங்களும் சர்வீஸ்னு சொல்லித்தான் வாங்கினீங்க. பத்துப் பேர் கேக்கறா, நான் பதில் சொல்லணும் இல்லையா?"

"அது ஆபீசு சர்வீஸ் சார். என்னுது நான் ஓடியாடிச் செய்யற சர்வீஸ்."

"அதெப்படி பாய்? சர்வீஸ் தனியா கிடையாது, உள்ளேயே இருக்குன்னு அந்தப் பொண்ணு க்ளியரா சொல்றாளே."

ஸ்ரீநிவாசனின் மனைவி லோகநாயகி பக்கத்து நாற்காலியிலிருந்து பேசினார். "போன வருஷம் அந்தப் பொண்ணு சொல்லித்தான் நாங்க காரைக் கொண்டுபோய் ஃப்ளைஓவர் மேல விட்டோம். பக்கத்து ஃப்ளாட்ல நம்பல, கார் போச்சு. இதுவரைக்கும் அவ சொன்னது ஒண்ணு கூட பொய்யாப் போனதில்ல."

"அதான் கேக்கறேன்" என்றார் ஸ்ரீநிவாசன். குரலில் கோபம் இல்லை. கணக்கு சரிபார்க்கிற நிதானம்தான் இருந்தது. "ஒண்ணு, அவ சொன்னது தப்பு. இல்ல, நீங்க வாங்கினது தப்பு. ரெண்டுல எது பாய்?"

இரண்டுமே தப்பில்லை என்று சொல்ல ஓர் ஆள் போதும். அது யாருக்கும் புரியாத விஷயமும் இல்லை. எனக்கு அது தெரிந்திருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மைதீன் பிச்சை சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு தப்பா சொல்லாது சார்."

"அப்போ?"

"அது பொய் சொல்லாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும். என்னுத... கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குட்த்துடறேன். டைம் குடுங்க."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். லோகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்ரீநிவாசன் ரசீதை மடித்துப் பையில் வைத்தார். வென்றவர் மாதிரி தெரியவில்லை. இதைவிட வேறு பதில் வரும் என்று எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"அந்தப் பொண்ணு நான்தான்."

கேட்டருகே ஷாயிஸ்தா நின்றிருந்தாள். அப்பாவுக்குக் குடை கொண்டுவந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"வூட்டுக்குப் போ" என்றார் மைதீன் பிச்சை.

"நான்தான் சார் முடிச்சூர் பக்கம். நான் சொன்ன சர்வீஸ் கவர்மெண்ட் எடுத்துக்கறது. அத்தா வாங்கறது அது இல்ல. ரெண்டுக்கும் ஒரே பேரு. நான் பிரிச்சுச் சொல்லிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது, அவருது இல்ல."

லோகநாயகி திரும்பினார். "ஐயோ, அதே வாய்ஸ்ங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தக் குரலுக்கு அவரவர் மனதில் ஒரு முகம் வைத்திருந்திருப்பார்கள். அது இவள் முகமாக இருந்திருக்காது.

"நீ பாய் பொண்ணாம்மா?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"ஆமா சார்."

"அப்போ இப்ப சொல்றது... அப்பாவுக்காகச் சொல்றது."

"இல்ல சார். உண்மையத்தான் சொல்றேன்."

"அன்னிக்கும் உண்மைன்னுதானே சொன்ன?"

"அன்னிக்கு சொன்னதும் உண்மைதான் சார்."

"ரெண்டும் உண்மையா?"

"ரெண்டும்."

பின் வரிசையில், எனக்குப் பக்கத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "குடும்பமே டபுள் சர்வீஸ்." வாயைப் பொத்தினாலும் எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர். லோகநாயகி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் கார் விஷயம்..." என்று தொடங்கி, எதைக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"சரி, இத இத்தோட விட்டுடலாம். பணம் எல்லாம் ஒண்ணும் வேணாம் பாய்" என்றார் ஸ்ரீநிவாசன். நல்ல மனதோடுதான் சொன்னார். "அடுத்தது, கழிவுநீர் லாரி."

நான் அவர்களோடு கிளம்பினேன். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மைதீன் பிச்சை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஷாயிஸ்தா குடையை விரித்து நீட்டினாள். அவர் அதற்குள் வரவில்லை. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "இன்னாத்துக்குமா சொன்ன?"

"உங்கள அப்டிப் பாத்துக்கினு நிக்க முடியல அத்தா."

"நான் நின்னேன்ல?"

அவள் குடையை மறுபடி அவர் பக்கம் நீட்டினாள்.

"என் பேரு போனா மேசைய மடிச்சு எட்த்துக்கினு வேற ஆபீசாண்ட போய்க் குந்துவேன். உன் பேர எங்க எட்த்துக்கினு போவ?"

திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவர் நிஜமாகவே கேட்டார். பதில் வரும் என்று காத்திருப்பவர் போலத் தண்ணீரில் நின்றார். மழை வலுத்தது. அவள் கையில் கைபேசி துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. நிற்கவேயில்லை.

"எடும்மா" என்றார். "ஏரியத் தொறந்துட்டானுங்களோ இன்னாவோ."

அவள் எடுத்தாள். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கியது. 'டபுள் சர்வீஸ்', 'புரோக்கர் பொண்ணு' என்று திரையில் வந்துகொண்டே இருந்ததைக் கடைசி வரைக்கும் படித்தாள்.

"ஏரி இல்ல அத்தா" என்றாள்.